கம்பியை அழித்தால் பொய், வானத்தைக் கறுப்பாக்கினால் கலையா?

ஒளிவேட்டை:
இயற்கைப் படப் போட்டி ஒன்றுக்கு, அந்தியில் நாரைகள் தரையிறங்கும் படம் அனுப்பியிருந்தேன். கடைசிச் சுற்றில் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்த திருத்தப்படாத மூலம், கேட்டார்கள், கொடுத்தேன். மேலே குறுக்கே ஓடிய மின்கம்பியை, பக்கத்து வானத்தை நகலெடுத்து மேலே ஒட்டி (க்ளோன் செய்து) எடுத்திருந்தேன். அதற்காகப் படத்தையே நீக்கிவிட்டார்கள். பரிசு வாங்கிய படத்தில் நிழல் காலடியில் விழுகிறது, உச்சிவெயில். வானம் மட்டும் இடிமழைக்கு முன் போலக் கறுத்திருக்கிறது. அது டோனிங், படத்தின் வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைப்பது மட்டும்தான், அதற்கு அனுமதி உண்டாம். என்ன நியாயம் இது?

நிழற்பெட்டி:
விதியைப் படித்துவிட்டுத்தானே அனுப்பினீர்கள்? நான் செய்திப்படம் எடுப்பவன். எங்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. சிரியப் போர்ப் படம் ஒன்றின் மூலையில் கிடந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அழித்தார் என்று, 2014-இல் ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் படக்காரர் நர்சிசோ கொன்ட்ரெராஸோடு உறவை முறித்துக்கொண்டது. முந்தைய வருடம் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். அந்தக் கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் போரின் கதை மாறாதுதான். ஆனாலும் ஒன்றை அழித்தவர் வேறு எதையெல்லாம் அழித்தாரோ என்ற சந்தேகம் அவருடைய மற்றப் படங்கள் மீதும் விழுமே.

இருட்டறை:
சந்தேகம் எங்கே விழ வேண்டும் என்பதில்தான் எனக்கு மாறுபாடு. ஃபிலிம் காலத்தில் என் கையாலேயே பிரின்ட் போட்டவன் நான். பேப்பரில் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும். அதனால் வெளிச்சத்தைக் கையால் மறைத்து முகத்தை வெளுப்பாக்குவேன், ஓரங்களுக்குக் கூடுதல் வெளிச்சம் காட்டிக் கறுப்பாக்குவேன். அமெரிக்க இயற்கைப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலவுப் படத்தைப் பிற்பாடு பிரின்ட் போடப் போட, வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கினார். அது அழகு. அதே வேலையை அமெரிக்காவின் டைம் இதழ் 1994-இல், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சனைக் கைதின்போது போலீஸ் எடுத்த படத்தில் செய்தது. அட்டையில் அவர் முகத்தைக் கறுப்பாக்கியது. அதே வாரம் நியூஸ்வீக் இதழ் அதே படத்தை அப்படியே போட்டதால்தான் வாசகர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. படத்தில் ஆளைச் சேர்க்கவில்லை, யாரையும் நீக்கவில்லை. வெறும் டோனிங். விசாரணை முடியுமுன்பே ஒரு கறுப்பின மனிதரைக் குற்றவாளியாகக் காட்டியது அது. ஒரு கம்பியை அழித்தால் இவ்வளவு பெரிய தீங்கு வருமா?

நிழற்பெட்டி:
டைம் செய்தது தப்பு, மறுக்கவே இல்லை. எங்கள் விதிகளிலும் ஃபிலிம் கால இருட்டறையில் வழக்கமாகச் செய்ததைத் தாண்டி டோன் மாற்றக் கூடாது. ஆனால் 'தாண்டி' என்பதை அளப்பது கஷ்டம். அழித்ததை ரா ஃபைல் காட்டிக்கொடுத்துவிடும்.

இருட்டறை:
அளக்க முடிந்ததை மட்டும் தண்டிக்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நாரைத்தடம்:
நான் படம் எடுப்பவள் இல்லை, பறவைகளைக் கவனிப்பவள். ஒளிவேட்டை, அந்தக் கம்பி உங்களுக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கலாம். நாரை போன்ற பெரிய பறவைகளால் பறக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. மங்கிய வெளிச்சத்தில் மின்கம்பியில் மோதிச் சாகின்றன. நீங்கள் எடுத்ததும் மங்கிய வெளிச்சம்தான். அந்தப் படத்தில் எனக்கு முக்கியமான செய்தியே கம்பிதான். அதை எடுத்த பிறகு பார்ப்பவர், ஆபத்தே இல்லாத ஒரு சதுப்புநிலம் எங்கோ இருக்கிறது என்று நம்புவார். கல்யாணப் படத்தில் முகப்பருவை மறைப்பதும் இதுவும் ஒன்றில்லை. அங்கே படத்தில் இருப்பவரே கேட்டுச் செய்கிறார்.

ஒளிவேட்டை:
பறவை மோதும் என்று நான் யோசிக்கவே இல்லை. கண்ணை உறுத்தியது, எடுத்துவிட்டேன். அந்த வானத்தை இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடுவர்களுக்கு அதைத் தனியாக எழுதப் போகிறேன். என் படத்தைப் பொறுத்தவரை, கம்பியோடு இருக்கும் மூலத்தை இன்றிரவு இங்கே ஏற்றுகிறேன். நாரைத்தடம், கம்பிக்கும் முதல் பறவைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துச் சொல்லுங்கள்.