பத்து 0.1 கூட்டினால் எவ்வளவு? நியூமரிக்கல் லேப்பில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தலவாக்கலையான்:
நியூமரிக்கல், அதாவது கணினியில் எண்களைப் போட்டுக் கணக்குத் தீர்க்கும் பாடம், செய்தவர்களுக்கு அந்த 0.1 கணக்கு தெரியும்தானே. பத்து 0.1 ஐக் கூட்டு, வந்ததை எழுது, 1 ஏன் வரவில்லை என்று விளக்கு. எனக்கு 1.0 தான் வந்தது. விடுதியில் என் லெப்டொப்பில் பைதான் நிரல்மொழியின் சம் (sum) ஃபங்ஷன் போட்டேன், சுத்தமாக 1.0. வந்ததைத்தானே எழுத வேண்டும், எழுதினேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் டெமோ, லேப் நடத்தும் டெமோன்ஸ்ட்ரேட்டர், என் தாளைப் பார்த்தார், லேப் மெஷினில் அதே வரியை அடித்தார், 0.9999999999999999. பேனா முனையால் ஸ்கிரீனில் ஒவ்வொரு ஒன்பதாகத் தட்டிக்கொண்டே போனார், பதினாறு ஒன்பதும் முடியும்வரை வாய் திறக்கவில்லை, அப்புறம் "தம்பி, ஓடவிடாமலே எழுதிட்டீங்க போல" என்றார். பின்வரிசையே சிரித்தது. அந்தக் கேள்விக்குப் பூச்சியம். கோட் என்னுடையது, விடையும் அது தந்ததுதான். இன்றைக்கும் அந்தப் பேனாச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது.

பதுளை ரோட்டு:
தம்பி, உங்க லெப்டொப்பில் பைதான் 3.12 அல்லது அதற்குப் பிந்தியது இருந்திருக்கும். 2023 ஒக்டோபரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து சம், தசம எண்களைக் கூட்டும்போது விடுபடுகிற சின்ன மிச்சத்தை (கணினியால் 0.1 ஐ அச்சொட்டாக வைத்திருக்க முடியாது, அதனால் வருவது) தனியே சேர்த்து வைத்துக் கடைசியில் கூட்டிவிடும். லேப்பில் பழைய பதிப்பு. லூப் போட்டு ஒவ்வொன்றாகக் கூட்டியிருந்தால் இரண்டு மெஷினிலும் ஒன்பதுகள்தான் வந்திருக்கும். டெமோவுக்காகப் பேச வரவில்லை, பதிப்பு எண்ணைப் பார்க்க அரை நிமிடம் போதும், பிள்ளையைப் பொய்யனாக்குவதற்கு முன் அதையாவது செய்திருக்கலாம்.

பண்டாரவளை பனி:
எனக்கு நியூட்டன் ரஃப்சன், ஒரு தொடக்க எண்ணிலிருந்து படிப்படியாகச் சமன்பாட்டின் மூலத்தை நெருங்கும் முறை. 2022 மார்ச் கடைசி, 13 மணிநேர மின்வெட்டு ஓடிய நாட்கள், நெட்டும் இல்லை, எங்கள் லயத்தில் குப்பி விளக்கு, லெப்டொப்பில் மிஞ்சியிருந்த சார்ஜ் மட்டும்தான். x இன் முப்படி கழித்தல் 2x கூட்டல் 2, மூலம் கண்டுபிடி, 0 இல் தொடங்கு. ஓடவிட்டால் 1 வருகிறது, அடுத்து 0, மறுபடி 1, மறுபடி 0. திரை நிறைய அதேதான், நிற்கவே இல்லை. கையால் போட்டுப் பார்த்தேன், கையிலும் அதே 1, அதே 0. சரி, தொடக்கத்தைக் கொஞ்சம் தள்ளுவோம் என்று 0.1 கொடுத்தேன். 1.014, 0.0797, 1.009, 0.052 என்று போய் மெல்ல மெல்ல திரும்பவும் அந்த 0, 1 இலேயே வந்து ஒட்டிக்கொண்டது பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கோட் சரி, சூத்திரம் சரி, விடை மட்டும் இல்லை. பேட்டரி சிவப்பு காட்டுகிறது, அம்மா "இன்னும் முடியலையாடா" என்கிறார், என்ன சொல்ல?

ஹட்டன் அக்கா:
எனக்கு நடந்தது சின்னது. சைன் x இன் வகையீட்டை, அதாவது வளைவின் சரிவை, x = 1 இல் எடுக்கச் சொன்னார்கள், சைன்(1 + h) இலிருந்து சைன் 1 ஐக் கழித்து h ஆல் வகுக்க வேண்டும், h எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்றுதானே உயர்தரத்தில் படித்தோம், 10 இன் அடுக்கு மைனஸ் 16 கொடுத்தேன், விடை 0. சேர் "சைன் வளைவு 1 இல் தட்டையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

ஆனால் தம்பிமாரே, கேளுங்கள். கணினிக்கு 1 உடன் அவ்வளவு சிறியதைக் கூட்டினால் 1 தான், அதனால் மேலே கழித்தால் ஒன்றுமே மிஞ்சாது. இப்படி எடுக்கிற முன்னோக்கு வித்தியாசத்துக்கு h ஐ 10 இன் அடுக்கு மைனஸ் 8 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த லூப்புக்கும் உச்ச எண்ணிக்கை ஒன்று வையுங்கள், ஐம்பதைத் தாண்டினால் நிறுத்தி எச்சரிக்கை காட்டட்டும். இரண்டு தசம எண்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், வித்தியாசம் ஒரு எல்லைக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். எசைன்மென்ட் முதல் வரியிலேயே எந்தப் பதிப்பு, எந்த மெஷின் என்று எழுதிவிடுங்கள். மெட்லப் என்கிற கணிப்பு மென்பொருள் வாங்கக் காசில்லாவிட்டால் அதே மாதிரியான ஒக்டேவ் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும், நகரத்துக்கு இறங்கும்போது தரவிறக்கி வைத்துக்கொண்டால் தோட்டத்திலிருந்தே வேலை செய்யலாம். அப்புறம் முதல் மூன்று படியைக் கையால் போட்டுப் பார்க்காமல் கோட் எழுதவே உட்காராதீர்கள். கடைசி இரவுக்கு வைக்கவும் கூடாது.

தலவாக்கலையான்:
அக்கா, நான் லூப் எழுதக் கற்றுத் தரச் சொல்லவில்லை. பதுளை அண்ணா சொன்ன பதிப்பு விஷயம்தான் எனக்கு வேண்டியது. இப்போது போய்ச் சொன்னால் புள்ளி மாற்றுவார்களா?

பதுளை ரோட்டு:
இரண்டு பதிப்பிலும் அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டுங்கள், வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள். பண்டாரவளை, உங்களுடையதற்குப் பயப்பட என்ன இருக்கிறது? 0 ஐ விட்டுவிட்டு -2 இல் தொடங்கியிருக்கலாமே, -1.8 வரும், அடுத்து -1.77, அதோடு முடிந்தது. வரைபை ஒரு தரம் கீறிப் பார்த்தாலே மூலம் இடப்பக்கம் இருப்பது தெரியும்.

பண்டாரவளை பனி:
அது எனக்கும் பிறகு தெரிந்தது அண்ணா. ஆனால் தாளில் "0 இல் தொடங்குக, என்ன நடக்கிறது என்று எழுதுக" என்றுதான் இருந்தது. அந்த சேர் அதை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்.