பழைய எஸ்டீம் காரின் டிக்கி மூடி கோணலாக நிற்கிறது; பீடிங்கும் தேய்ந்துவிட்டது

தாமிரபரணிக் கரை (கேள்வி)

என் தந்தையார் 2001-இல் வாங்கிய மாருதி எஸ்டீம் காரை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டோ பின்பக்க இடது மூலையில் இடித்துவிட்டது. ஒரு பட்டறையில் டிக்கி மூடியைத் தனியே கழற்றி, ஒடுக்கு எடுத்து, பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மூடி நேராக உட்காரவில்லை. இடது பின்மூலை தூக்கலாக நிற்கிறது. மூடிக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சந்தில் இடப்பக்கம் மூன்று தீக்குச்சிகள் சேர்ந்து நுழைகின்றன. வலப்பக்கம் ஒன்றுதான் நுழைகிறது. டிக்கி வாயைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைக்கும் பீடிங் ரப்பர் இடது மூலையில் வெடித்து, மற்ற இடங்களில் தட்டையாகிவிட்டது. ஐப்பசி மழையில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கார்ப்பெட் ஊறி, அதற்கு அடியில் இருந்த ஹார்ட்போர்டு உப்பிப் பிய்ந்துவிட்டது. லாக் கொக்கியைத் தட்டி இறக்கிப் புது பீடிங் போட்டால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். அது சரியான வழியா?

பழைய டிங்கர்

தம்பி, லாக்கில் கை வைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கோணலான மூடியை லாக்கால் இழுத்துப் பிடித்தால் மூடியும் முறுக்கிக்கொள்ளும், புது பீடிங்கும் ஒரே மழைக்காலத்தில் நசுங்கிவிடும்.

முதலில் மூடியைத் திறந்து வைத்து, டிக்கி வாயை இஞ்சு டேப்பால் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாடி நேராகத்தான் இருக்கிறது. கோளாறு மூடி மாட்டியிருக்கும் இடத்தில் இருக்கிறது. அளவு வெகுவாக மாறினால் பின் பேனலை இழுத்து நிமிர்த்த வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

நான் பார்த்தவரை, தூக்கி நிற்கும் மூலையில் குற்றம் இருப்பது குறைவு. மூடி இரண்டு கீலிலும் நடுவில் ஒரு லாக்கிலும், ஆக மூன்று இடத்தில்தான் நிற்கிறது. வலது கீல் பக்கம் இறங்கினால், இடது கீலையும் லாக்கையும் சேர்க்கும் கோட்டின் மேல் மூடி சாய்ந்து, எதிர்க்கோடியில் உள்ள இடது பின்மூலை எழும்பும். ஆகவே பின்கண்ணாடி ஓரம் வலப்பக்கம் மூடி பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பதிந்திருந்தால், வலது கீலுக்கும் மூடிக்கும் நடுவே இருக்க வேண்டிய வாஷர் விடுபட்டிருக்கக்கூடும்.

போல்ட்டைத் தளர்த்துமுன் கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போட்டால்தான் எவ்வளவு நகர்த்தினோம் என்பது தெரியும். பாடியின் ஓரங்களில் பழைய துணியை விரித்து, இன்னொருவரை மூடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூடியைத் தூக்கி நிறுத்தும் முறுக்குக் கம்பிகளை மட்டும் தொடவே வேண்டாம். அவை முறுக்கேறி நிற்பதால், விடுபட்டால் விரலை ஒடித்துவிடும்.

கோவை ஓட்டுநர்

பெரியவர் சொன்ன வரிசையே சரி. பீடிங் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். எஸ்டீம் 2007-இலேயே நின்றுவிட்டதால் ரப்பர் சாமான்கள் எளிதில் கிடைப்பதில்லை. பழைய பீடிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துக்கொண்டு கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பழைய சாமான் கடைகளில் தேடினால், அதே குறுக்கு வெட்டு உள்ளதைப் பார்த்து வாங்கலாம். மாட்டுமுன் தகட்டு ஓரத்தில் உள்ள துருவைச் சுரண்டி, பிரைமர் பூசி, நன்றாக உலர விடுங்கள். இணைப்பு லாக்குக்கு அருகில், கீழ் நடுவில் வரட்டும். மூலைகளில் ரப்பரை இழுத்து மாட்டக் கூடாது. இழுத்தால் சில வாரங்களில் சுருங்கி இணைப்பு விட்டுவிடும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும், சிலிக்கான் ஸ்பிரே மட்டுமே பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிக்கியில் சந்து இருந்தால் மழை மட்டுமல்ல, சைலன்சர் புகையும் உள்ளே வரும். பின் சீட்டில் குழந்தைகள் உட்காருகிறார்கள் என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாமிரபரணிக் கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூலைக்கு மூலை அளந்ததில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். டார்ச் அடித்துப் பார்த்தபோது, இடது கீலின் இரண்டு போல்ட்டிலும் தடித்த வாஷர்கள் இருந்தன; வலது கீலில் ஒன்றுகூட இல்லை. மாட்டியவர் விட்டுவிட்டிருக்கிறார். அதே தடிமனில் இரண்டு வாஷர் வாங்கிப் போட்டு, மூடியை ஒரு நூல் அளவு இடப்பக்கம் நகர்த்தி இறுக்கியதும் இருபுறமும் இரண்டு தீக்குச்சிகள் நுழைகின்றன. புது பீடிங் போட்ட பிறகு மூடியை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கிறது, இது இயல்பா?

பழைய டிங்கர்

இயல்புதான், ரப்பர் படிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை லாக்கை நகர்த்தாதீர்கள். பீடிங் மேல் ஒரு தாளை வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே பிடியில் வர வேண்டும். ஸ்டெப்னி பள்ளத்தின் அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, இரண்டு நாள் வெயிலில் நிறுத்திக் காயவிட்டு, பள்ளத்தில் துரு தெரிந்தால் தேய்த்துப் பிரைமர் அடியுங்கள். அதன் பிறகு அந்தப் பிய்ந்த ஹார்ட்போர்டைச் செய்தித்தாளின் மேல் வைத்து அளவு வரைந்து, மெல்லிய பிளைவுட்டில் வெட்டி, ஓரங்களில் வார்னிஷ் பூசிப் போட்டுக்கொள்ளலாம்.