முதன்முறை மேனேஜரான பெண்ணுக்கு உண்மையில் உதவியது எது?

வங்கியில் வேலை பார்ப்பவர்களே, உங்கள் கிளைக்கு ஒரு பெண் முதன்முறை மேனேஜராக வந்தபோது என்ன நடந்தது? மகளிர் தின கேக் கதை வேண்டாம். நான் ஆரம்பிக்கிறேன்.

தென்காசிப் பக்கம் சின்னக் கிளை. நகைக்கடன்தான் பெரிய வேலை. மேடம் கேபினில் இருக்கும்போதே ஆட்கள் என்னிடம் வந்து “மேனேஜர் சார் இல்லையா?” என்பார்கள். அவர்கள் கேட்க வந்ததற்குப் பதில் எனக்கே தெரிந்திருந்தாலும் “மேடம்தான் மேனேஜர், அவங்களைப் பாருங்க” என்று அனுப்பிவிடுவேன். இன்னொரு சீனியர் “நான் பார்த்துக்கிறேன்” என்று எல்லாவற்றையும் தானே முடித்துக் கொடுப்பார். பார்க்க உதவி மாதிரித்தான் இருக்கும். ஆனால் மேனேஜர் யார் என்பது ஊருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அப்புறம் சாவி. பெட்டகச் சாவிகள் இரண்டு பேர் பொறுப்பில் இருக்கும். எங்கள் கிளையில் அதில் ஒருவர் மேடம். கேஷ் டேலி ஆகிப் பூட்டும்வரை கிளம்ப முடியாது, பஸ் போய்விடும். கேஷியர் அண்ணன் மதியமே கட்டுகளை எண்ணி வைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

பதில் (சென்னை, பெண் ஆபீசர்):
நான் ப்ரமோஷன் தேர்வே எழுதாமல் இருந்தேன். ஸ்கேல் (அதிகாரிகளின் பதவிப் படி) ஏறினால் எந்த மாநிலத்தில் தூக்கிப் போடுவார்களோ என்ற பயம். வீட்டில் படுக்கையில் மாமியார். “லேடீஸுக்கு மேலே வர ஆர்வமில்லை” என்று மீட்டிங்கில் பேசுவார்கள். எந்த ஊர் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள், யாருக்கு ஆர்வமில்லை என்று தெரியும்! என் ரீஜனல் மேனேஜர் வீட்டு நிலைமையை எழுதித் தரச் சொல்லி, மேலிடத்தில் அவரே பேசினார். பக்கத்து மாவட்டம்தான் என்று உறுதி கிடைத்தது, தேர்வு எழுதினேன். எஸ்பிஐயின் முதல் பெண் தலைவராக 2013இல் வந்த அருந்ததி பட்டாச்சார்யா காலத்தில், குழந்தையையோ பெரியவர்களையோ கவனிக்கப் பெண்களுக்கு 2 ஆண்டு வரை விடுப்பு வந்தது. வேலையை விடாமல் காப்பாற்றுவது இந்த மாதிரி ஏற்பாடுதான்.

பதில் (டெல்டா பகுதி):
கிராமக் கிளைக்கு மேனேஜராகப் போன அக்காவுக்கு முதலில் கிடைத்த ஆதரவு, உள்ளே பூட்டிக்கொள்ள முடிகிற கழிப்பறை. கட்டட ஓனரிடம் சண்டை போட்டுச் சரிசெய்தது எங்கள் யூனியன்காரர்.

பதில் (மதுரை):
எல்லாம் சரி, ஆனால் எனக்கு வாய்த்த மேடம் பெண் ஸ்டாஃபுக்குத்தான் லீவு தரவே மாட்டார். “நான் கஷ்டப்பட்டுத்தானே வந்தேன்” என்பார்.

முதல் பதிவர்:
அப்படியும் உண்டு, மறுக்கவில்லை. அவருக்குக் கீழே ஆள் பற்றாக்குறை இருந்ததா? எங்கள் மேடமும் மார்ச் மாதத்தில் அப்படித்தான் இருந்தார். மாற்று ஆள் ஒருவர் வந்த பிறகுதான் லீவுக் கடிதத்தில் கையெழுத்தே விழுந்தது.