டப்பாவுக்குள்ளேயே பிளேடைத் தீட்டும் பழைய ரேசர்: இது என்ன, பயன்படுத்த முடியுமா?

தக்கலையிலிருந்து கேள்வி:
பரணில் இருந்து நிக்கல் பூசின சின்ன டப்பா ஒண்ணு கிடைச்சது, பார்க்க சிகரெட் பெட்டி மாதிரி. மேலேயும் கீழேயும் மூடி கழறுது. ஒரு மூடிக்குள்ள கல், இன்னொண்ணுல தோல். நடுச்சட்டத்துல கைப்பிடி முன்னும் பின்னும் ஓடுது, ஓடும்போது பிளேடு 'டக்'குன்னு புரளுது. செவன் ஓ கிளாக் பிளேடு மாட்ட இடமே இல்ல. தோலில் பூஞ்சை, பிளேடில் துரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம்:
தோல் இருக்குன்னா வேலட் ஆட்டோஸ்ட்ராப்ங்கிற பழைய ரேசரா இருக்கும். அதுவும் ஒருபக்க பிளேடுதான்.

கோட்டாறு:
இல்ல அண்ணே. வேலட்டில் தோல்வார் தனியா இருக்கும், அதை ரேசர் தலைக்குள்ள நுழைச்சு இழுக்கணும். மூடியிலேயே கல்லும் தோலும் ஒட்டி வந்தா அது ரோல்ஸ் ரேசர். லண்டன் கிரிக்கிள்வுட்ல செஞ்சது. கம்பெனி 1964-ல் திவாலாச்சு, அதனால எப்படிப் பார்த்தாலும் அறுபது வருஷத்துக்கு மேல பழசு. மூடியில 'இம்பீரியல்'னு மாடல் பேரு பொறிச்சிருக்கா பாருங்க தம்பி.

இதுக்கு அடிக்கடி புது பிளேடு வாங்கிப் போட வேண்டியதில்ல. பிளேடு தடிமனான எஃகு, நாவிதர் கத்தியைக் குட்டையா வெட்டின மாதிரி. கல்லில் தீட்டி, தோலில் இழுத்து, அதையே வருஷக்கணக்கா ஓட்டுறதுதான் இந்தச் சாதனத்தோட அழகு.

தக்கலை:
ஆமா, 'இம்பீரியல்'னு இருக்கு! துருவை எப்படி எடுக்க? புளி போட்டுத் தேய்க்கலாமா?

கோட்டாறு:
புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். புளிப்பு நிக்கல் பூச்சை அரிச்சிடும். பிளேடைக் கழற்றும்போது முதுகுப் பக்கத்தைப் பிடிங்க. தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில பஞ்சால முதுகிலிருந்து கூர்ப்பக்கமா துடைங்க. கூர் விளிம்போட நீளவாக்குல துடைச்சா விரல் போயிடும். தேங்காய் எண்ணெய் நம்ம ஊர்ல கைக்கு எட்டுற தூரத்துல இருந்தாலும் இதுக்கு ஆகாது, நாளாவட்டத்துல பிசினா இறுகி சட்டத்தைப் பிடிச்சுக்கும்.

அப்புறம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. துருக்குழி பிளேடோட பரப்புல மட்டும்னா கவலையில்ல. கூர் விளிம்பிலேயே இருந்தா அந்த இடம் முடியைப் பிடிச்சு இழுக்கும், முகம் எரியும்.

குளச்சல்:
கல்லையும் பாருங்க. பழைய எஃகுத் துகள் அடைஞ்சு வழுவழுன்னு ஆனா தீட்டாது, வெறுமனே வழுக்கும். மண்ணெண்ணெய் தொட்டு பழைய பல் பிரஷால தேய்ங்க, நல்லா காஞ்சதும் மாட்டுங்க. தோல் பூஞ்சையை உலர்ந்த துணியால துடைச்சு நிழல்ல காயவிடணும், வெயில்ல வச்சா சுருங்கி மூடியை விட்டுப் பிரியும்.

தக்கலை:
விளிம்பில் நடுவுல ரெண்டு சின்னக் குழி தெரியுது. சாணை பிடிக்கிறவர்கிட்ட கொடுக்கட்டுமா?

கோட்டாறு:
வேண்டவே வேண்டாம். சைக்கிள் சாணைச் சக்கரத்துல சூடு ஏறி விளிம்பு நீலமாச்சுன்னா எஃகோட பதம் போச்சு, பிறகு எந்தக் கல்லிலும் கூர் நிக்காது. டப்பாவோட கல்லே போதும். விளிம்புல மார்க்கர் மை பூசி, கல் மூடியை மாட்டி, நாலு இழுப்பு மெதுவா இழுங்க. மை நீளம் முழுக்க அழிஞ்சா பிளேடு சரியா உட்காருது. ஒரு முனையில மட்டும் அழிஞ்சா சட்டம் வளைஞ்சிருக்கு, இல்லன்னா கல் மூடியை விட்டுத் தூக்கியிருக்கு. அதை முதல்ல சரி பண்ணாம தீட்டினா பிளேடு ஒருபக்கமா தேஞ்சிடும்.

மை சரியா அழிஞ்சா இருபது இருபது இழுப்பா தீட்டி, இடையிடையே குழி குறையுதான்னு பாருங்க. வேகமா அடிச்சா பிளேடு கல்லுல மோதி விளிம்பு நொறுங்கும். குழி மறைஞ்சதும் தோல் மூடிக்கு மாறி முப்பது இழுப்பு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னாடி தோல் மட்டும் போதும், இழுவை தெரியுறப்போ கல்.

குளச்சல்:
ஷேவ் முடிஞ்சதும் பிளேடை ஈரத்தோட டப்பாவுல போட்டுடாதீங்க. நம்ம கடற்காத்துக்கு ஒரே ராத்திரி போதும், துரு திரும்ப வந்துடும். துடைச்சு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவி மூடுங்க.