இரண்டாம் ஆண்டில் டிசி வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடப் போகலாமா?

குடியாத்தத்தான்:

வணக்கம். அக்கா பையனுக்காகக் கேட்கிறேன். வயது 19, உயரம் 196 செ.மீ. வேலூரில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு, நான்காவது செமஸ்டர் நடக்கிறது. போஸ்ட் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவரின் இடம்) ஆடுகிறான். போன வருஷம் ஜூனியர் நேஷனலுக்குத் தமிழ்நாடு அணியில் போனான், இந்த வருஷம் பல்கலைக்கழக அணியிலும் இருக்கிறான்.

இப்போது சென்னையில் ஒரு அலுவலக அணி கூப்பிடுகிறது. 11 மாத ஒப்பந்தம், மாதம் 15,000 ஸ்டைபெண்ட், தங்க இடம், சாப்பாடு. கல்லூரியில் டிசி வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். "அமெரிக்காவில பெரிய பிளேயருங்க எல்லாம் ஒரே வருஷத்துல காலேஜை விட்டுட்டுதானே போறாங்க" என்பது பையனின் வாதம். அக்கா வீட்டில் பட்டம் முக்கியம் என்கிறார்கள். அங்கே உண்மையில் எப்படி நடக்கிறது, இங்கே டிசி வாங்கினால் எது எது கைவிட்டுப் போகும், ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

ஏலகிரிக் காற்று:

அமெரிக்க விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். பையன் பார்ப்பது டிராஃப்ட் மேடையில், அதாவது என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், தொப்பி மாட்டிக்கொண்டு நிற்பவர்களை. அந்த மேடைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

கெவின் கார்னெட் 1995-லும் கோபி பிரையன்ட் 1996-லும் லெப்ரான் ஜேம்ஸ் 2003-லும் கல்லூரிப் பக்கமே போகாமல் பள்ளியிலிருந்து நேராக என்பிஏ போனவர்கள். 2005-ல் அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் அந்த வழியை அடைத்தது. 2006 டிராஃப்டிலிருந்து, டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது ஆகவேண்டும். அமெரிக்கப் பையன் என்றால் அவன் பள்ளி முடித்து ஒரு சீசனாவது கழிந்திருக்க வேண்டும். அந்த ஒரு சீசனைக் கழிக்கத்தான் முன்னணிப் பையன்கள் கல்லூரியில் சேர்கிறார்கள். படிப்பு பிடிக்காமல் ஓடுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை.

அடுத்தது, அங்கே பெயர் கொடுத்த உடனே கல்லூரி இடம் போய்விடாது. டிராஃப்டுக்கு 60 நாள் முன்னால் எழுத்தில் பெயர் கொடுக்கிறார்கள். மே மாதம் சிகாகோவில் கம்பைன் என்ற திறன் சோதனை முகாம் நடக்கும். அழைப்பு வந்தவர்களுக்கு உயரம், கைவிரிப்பு, எகிறும் அளவு, ஓட்ட வேகம் எல்லாம் அளப்பார்கள், அணிகள் நேரில் பேசிப் பார்க்கும். எந்தச் சுற்றில் எடுபட வாய்ப்பு என்று என்பிஏ தரப்பிலேயே ஒரு குழு கணித்துச் சொல்லும். கணிப்பு சரியில்லை என்றால், கம்பைன் முடிந்து 10 நாளுக்குள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதே கல்லூரி அணியில் ஆடலாம். 2018-லிருந்து சான்று பெற்ற ஏஜென்ட் ஒருவரை இந்தச் சோதனைக் காலத்துக்கு வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதாவது விலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுக்கிறார்கள்.

அப்படியும் உறுதியான பணம் முதல் சுற்றில் எடுபடும் 30 பேருக்குத்தான். அவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி விதிப்படி கிடையாது. ஒவ்வொருவரும் பேசி வாங்க வேண்டும். பலர் அணிக்கு மூன்றே இடம் உள்ள டூ-வே ஒப்பந்தத்தில் ஜி லீக்குக்கும் (என்பிஏவுக்கு அடுத்த நிலை லீக்) என்பிஏவுக்கும் நடுவே போய்வருகிறார்கள். பஞ்சாபின் சத்னம் சிங்கை 2015-ல் டல்லாஸ் அணி 52-வது இடத்தில் எடுத்தது. இந்தியாவிலிருந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள், ஏழடிக்கு மேல் உயரம். என்பிஏ சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் பையனிடம் சொல்லுங்கள். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே வருமானத்தில் பங்கு தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, கல்லூரிக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். விளைவு என்னவென்றால், 2021-ல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025-ல் 106 பேர். 2021 எண்ணிக்கை கோவிட் காரணமாகக் கிடைத்த கூடுதல் ஆண்டால் கொஞ்சம் வீங்கியது என்றாலும் சரிவு பெரியது. இப்போது அங்கே நல்ல ஆட்டக்காரர்களே கல்லூரியில் தங்குகிறார்கள். ஸ்டீபன் கரி 2009-ல் மூன்றாம் ஆண்டோடு போனவர், 2022-ல் மிச்சப் பாடங்களை முடித்துப் பட்டம் வாங்கினார். திரும்பி வர அங்கே வழி வைத்திருக்கிறார்கள். டிசி என்ற காகிதம் அங்கே கிடையாது.

சேர்க்காட்டுச் சாலை:

மேலே சொன்னதன் கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். டிசி வாங்கினால் கல்லூரி ரோலில் பெயர் இருக்காது. முதல் அடி அங்கேதான் விழும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட முழுநேர மாணவனாக, வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். தொலைநிலையில் படிப்பவரும் முழுநேர வேலையில் இருப்பவரும் இறங்க முடியாது. தென்மண்டலம், அகில இந்தியம், கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி மூன்றும் ஒரே நாளில் போய்விடும். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் படிவங்களில் மூன்றாவது இந்தப் போட்டிக்கானது. (முதல் படிவம் இந்திய அணிக்கு, இரண்டாவது மாநில அணிக்கு, நான்காவது பள்ளி தேசியப் போட்டிக்கு.) மூன்றாம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி. இந்த வருஷம் ஆடிவிட்டான் என்றால் இப்போதே சேர்க்காட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய் வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள். போட்டி நடந்த ஊர், தேதி, பெற்ற இடம் மூன்றும் பங்கேற்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தந்தை பெயர் முதலெழுத்து ஒரு காகிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தாலே சரிபார்ப்பில் நிறுத்தி வைப்பார்கள்.

நான்காவது செமஸ்டரின் நடுவில் வெளியேறுவது மிக மோசமான நேரம். தேர்வு எழுதாமல் போனால் அந்த அரையாண்டே வீண். எழுதிவிட்டு, அடுத்த ஆண்டை எடுக்கும் முன் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' (படிப்பை இடையில் நிறுத்திப் பிறகு தொடரும் அனுமதி) எழுத்து மூலம் கிடைக்குமா என்று முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். அதில் கவனிக்க வேண்டியது பாடத்திட்டம். திரும்பி வருவதற்குள் பாடத்திட்டம் மாறியிருந்தால் இணைத் தாள்கள் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

இருந்தே ஆடுவதற்கும் வழி இருக்கிறது. வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதில்தான் ஆட்டக்காரர்கள் மாட்டுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தைத் தாமதமாகக் கொடுப்பதால். போட்டிக்குக் கிளம்பும் முன்பே அழைப்புக் கடித நகல், உடற்கல்வி இயக்குநர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து என்று முடித்துவிட வேண்டும். வந்த பிறகு பங்கேற்புச் சான்று நகலை அதே விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாக எடுத்துப் போனால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். கல்லூரி அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அணி நிர்வாகம் கேட்டாலும் அசலைக் காட்டி, சுயசான்றொப்பமிட்ட நகலைக் கொடுத்து, அசலைக் கையோடு வாங்கி வர வேண்டும்.

காட்பாடி மூணாவது பிளாட்பாரம்:

பட்டம் முடித்துவிட்டுத்தான் எதுவும் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இந்த ஆட்டத்தில் வயதும் காலியிடமும் யாருக்காகவும் காத்திருக்காது.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25, தளர்வு கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண். களத் தேர்வுக்கு 40, விளையாட்டுச் சாதனைக்கு 50, கல்விக்கு 10. களத்தில் 25 எடுக்காவிட்டால் மிச்சத்தைப் பார்க்கவேமாட்டார்கள். சாதனை என்பது நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டும்தான். போன வருஷம் ஆடிய ஜூனியர் நேஷனல் சான்றிதழுக்கு ஆயுள் அவ்வளவே. பட்டம் வாங்கும்வரை சும்மா வைத்திருந்தால் கையில் செல்லாக் காகிதம். ஆனால் வெறும் பங்கேற்பு போதாது. அணி எந்த இடம் பெற்றது என்பதை வைத்துத்தான் எந்த ஊதிய நிலைப் பணி என்பது தீர்மானமாகும். அதையும் கவனித்துப் பாருங்கள்.

அறிவிப்பில் ஆட்டத்தின் பெயரோடு இடத்தையும் போடுவார்கள், 'கூடைப்பந்து ஆண்கள், போஸ்ட், 1' என்கிற மாதிரி. அணியில் 12 பேர், அதில் போஸ்ட் இரண்டு மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு வழி. நிலை 2-ல் நியமன ஆணை வந்தால் டிசி வாங்கிக்கொண்டு அன்றைக்கே போகச் சொல்வேன். அடிப்படை ஊதியம் 19,900, அதற்குமேல் படிகள், நிரந்தர வேலை. அந்த நிலைக்கு பிளஸ் டூ போதும். நிலை 4, 5 என்றால் 25,500, 29,200. அங்கே வழக்கமாகப் பட்டம் கேட்பார்கள். வேலையில் இருந்துகொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ படித்துப் பின்னால் துறைத் தேர்வு எழுதலாம்.

ஆனால் உங்கள் பையனுக்கு வந்திருப்பது நியமன ஆணை இல்லை. 11 மாத ஸ்டைபெண்ட். தொடர்ந்து வேலை பார்த்தவன் என்ற உரிமை எழக்கூடாது என்றுதான் பல இடங்களில் 11 மாதம் என்று போடுகிறார்கள். பிஎஃப் கணக்கு உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அது வேலையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் முதலில் காயம் பற்றிய பத்தியைத் தேடுங்கள். முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம். மூன்றாவது மாதம் அடிபட்டால் ஒப்பந்தம் முடியும்போது அவன் படுக்கையிலிருந்து எழுந்து ஃபிசியோதெரபியில் இருப்பான். அந்த மாதங்களுக்கு ஸ்டைபெண்ட் உண்டா, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, விடுதியை விட்டு அனுப்புவார்களா? விபத்துக் காப்பீடு எடுத்துத் தருகிறோம் என்றால் பாலிசியை வாங்கிப் படியுங்கள். தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயத்தை விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய. அடுத்தது தடையில்லாச் சான்று. வேறு அணி நிரந்தர வேலை கொடுத்தால் எத்தனை நாளில் விடுவிப்பார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று இருந்தால் கையெழுத்துப் போடக்கூடாது.

அவர்களிடம் ஒரு மாற்று யோசனை வைத்துப் பாருங்கள். டிசி வேண்டாம், தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறையில் அணியோடு பயிற்சி எடுக்கிறான், பெரியகுளம், கோவை மாதிரி இடங்களில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் ஆடட்டும் என்று சொல்லுங்கள். நிஜமாகவே அவன் வேண்டும் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

குடியாத்தத்தான்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பிஎஃப் கேட்டேன், இல்லை என்றார்கள். நாலாவது செமஸ்டர் எழுதுவது என்று முடிவு. இப்போது பையன், அப்படியானால் அமெரிக்கக் கல்லூரிக்கே முயற்சி செய்கிறேன் என்கிறான். முடியுமா? மற்றபடி களத் தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

ஏலகிரிக் காற்று:

முயற்சி செய்யலாம், ஆனால் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் பிரிவில் எந்த நாட்டுக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தாலும் அன்றிலிருந்து 5 ஆண்டுக்குள் 4 சீசன் என்ற கணக்கு தொடங்கிவிடும். பி.காமில் இரண்டு ஆண்டு போனது அதில் கழியும். பள்ளிப் பாடங்களில் 16 முக்கியப் பாடங்களும் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரியும் கேட்பார்கள். 9 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மதிப்பெண் பட்டியல் அனைத்தையும் தேடி எடுத்து வையுங்கள். ஸ்டைபெண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் விசாரிப்பார்கள். போடாமல் இருப்பது இந்த வழிக்கும் நல்லது.

காட்பாடி மூணாவது பிளாட்பாரம்:

களத் தேர்வைப் பற்றி. 196 செ.மீ. கல்லூரி ஆட்டத்தில் போஸ்ட், சீனியர் நேஷனலில் போஸ்ட் இல்லை. அங்கே 200-க்கு மேல் இருப்பவனோடு கூடைக்குக் கீழே முதுகை வைத்துத் தள்ள வேண்டியிருக்கும். தேர்வாளர் பார்த்த உடனே இவனை ஃபார்வர்ட் கணக்கில்தான் யோசிப்பார். 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று எறியத் தெரிகிறதா, ஸ்கிரீன் போட்டுவிட்டு (எதிராளியின் வழியை மறித்து நின்றுவிட்டு) திரும்பிக் கூடைப் பக்கம் உள்ளே வருகிறானா, சிறிய ஆட்டக்காரன் மாறி எதிரில் வந்தால் காலை நகர்த்தி மறிக்கிறானா, இந்த மூன்றையும் இன்றிலிருந்தே பழக்குங்கள். களைத்த பிறகு எறியும் பந்துதான் கணக்கு. அதனால் ஓட்டப் பயிற்சி முடித்த கையோடு எறியச் சொல்லுங்கள், காலையில் புதிதாக வந்து எறிவது ஏமாற்றும்.

நம் பக்கம் பெரும்பாலும் சிமென்ட் தரை. தினமும் எகிறிக் குதிக்கும் பயிற்சியை அதில் வைத்தால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி தொடங்கும், தேர்வு நாளில் எகிற முடியாது. குதிப்பது வாரம் இரண்டு நாள், அதுவும் மண்ணிலோ புல்லிலோ. மே வெயிலில் காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும்.