முதல் மாடித் தளத்தில் கனமான தோசைக்கல் அடுப்பு வைக்கலாமா?

மாடிமெஸ்:
வீட்டு முதல் மாடியில் சின்னதாக மெஸ் போடப்போகிறோம், கீழே நாங்களே குடியிருக்கிறோம். தளம் 5 அங்குல கான்கிரீட், மேலே டைல்ஸ். 4 அடிக்கு இரண்டரை அடி தோசைக்கல், 20 மி.மீ. கனம், ஆர்டர் கொடுத்தாச்சு. இரும்பு ஸ்டாண்ட் ஆடும், இரண்டரை அடிக்குச் செங்கல் கட்டி மணல் நிரப்பி அதன்மேல் உட்காரவைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. தளம் தாங்குமா? சூட்டில் விரிசல் விடுமா?

கம்பிக்கணக்கு:
கல்லை நினைத்துப் பயப்படாதீர்கள் சார். இரும்பு ஒரு கனமீட்டருக்கு 7,850 கிலோ, அந்தக் கணக்கில் உங்கள் கல் 145 கிலோ சொச்சம்தான், ஸ்டாண்ட், பர்னர் எல்லாம் சேர்த்தாலும் 200 பக்கம் வரும். வினையே அந்த மேடைதான். அதே அளவில் இரண்டரை அடி உயரம் என்றால் 25 கன அடி, செங்கலும் மணலுமாக ஒன்றேகால் டன்! வீட்டுத் தளத்தை, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 படி சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குத்தான் போடுவார்கள், உங்கள் மேடை உட்காரும் இடம் மொத்தமே ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. தரைத்தளமாக இருந்தால் மேஸ்திரி சொல்வது சரி, கீழே மண் தாங்கிக்கொள்ளும். மாடிக்கு வேண்டவே வேண்டாம்.

தோசைமாஸ்டர்:
ஸ்டாண்டே போதும் அண்ணே. ஆடாமல் இருக்கக் குறுக்கே ஆங்கிள் அடிக்கச் சொல்லுங்கள், காலுக்குக் கீழே ஆறு அங்குலச் சதுரத் தகடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாலு காலும் டைல்ஸை நொறுக்கிவிடும். கால் வரும் இடத்தில் டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை, அதைப் பெயர்த்துவிட்டுக் கடப்பாக்கல் போடுங்கள். சூடு மேலேதான் போகும், பர்னருக்கும் தரைக்கும் ஒன்றரை அடி இடைவெளி இருந்து நடுவில் ஒரு தகரத் தட்டும் இருந்தால் கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது. விறகு அடுப்பைத் தளத்தின் மேலேயே மூட்டுவது வேறு கதை, அது கலவையைப் பொரித்துவிடும்.

மாடிமெஸ்:
நன்றி. அறையின் நடுவில் ஒரு சுவர் கீழே இருக்கிறது, அதற்கு நேர் மேலே வைத்தால் இன்னும் நல்லதுதானே? நாலரை அங்குலச் சுவர், வீடு கட்டி அப்புறம் எழுப்பியது.

கம்பிக்கணக்கு:
அது வெறும் தடுப்பு, அதை நம்பாதீர்கள். கீழே நின்று சீலிங்கைப் பாருங்கள், பீம் ஓடுவது தெரியும், அதை ஒட்டியோ 9 அங்குலச் சுவரை ஒட்டியோ வையுங்கள். அடுப்பைவிட எனக்குக் கவலை தண்ணீர் டிரம்தான், 200 லிட்டர் என்றாலே 200 கிலோ, பக்கத்தில் அரிசி மூட்டை, கிரைண்டர் என்று எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவிக்காதீர்கள். ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு மொத்தச் சுமையையும் காட்டிவிடுங்கள், கம்பி என்ன போட்டிருக்கிறது என்று இங்கே உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

தோசைமாஸ்டர்:
இன்னொன்று, கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படரும். சிலிண்டர் வைக்கும் பக்கம் சுவரில் தரைமட்டத்திலேயே காற்று போக ஓட்டை உள்ள ஜாலி வையுங்கள், மேலே எக்ஸாஸ்ட் மட்டும் போதாது.