எம்ஜிபி 1973: கேனிஸ்டர் பக்கத்தில் இரண்டு ஒயர் போகிற வால்வு எதற்கு?

பானட்_திறந்தவன்

வண்டி 1973 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அமெரிக்காவுக்குப் போன மாடல். காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டர் இரண்டு, எஸ்யு கம்பெனியின் எச்ஐஎஃப்4. புகையைக் குறைக்க எக்ஸாஸ்ட்டில் காற்று ஊதுகிற ஏர் பம்ப்பை முன்பிருந்தவர்களே கழற்றிவிட்டார்கள். மூன்று சாமான் எதற்கென்றே பிடிபடவில்லை.

1. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கிற கரி கேனிஸ்டர் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு. இரண்டு ஒயர், இரண்டு ஹோஸ், அதுபோக ஒரு மொட்டை வாய். அந்த வாயில் ரப்பர் மூடி போட்டு கிளாம்ப்பும் இறுக்கியிருக்கிறது.

2. இன்ஜினுக்குள் கலவை போகிற குழாயான மேனிஃபோல்டு பக்கம் காளான் மாதிரி ஒரு தகர டப்பா. தடித்த ஹோஸ் ஒன்று, பொடி ஹோஸ் ஒன்று. ஏர் பம்ப்புக்குப் போக வேண்டிய வாய் திறந்தே கிடக்கிறது.

3. காற்றுவழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் தட்டிலேயே ஸ்ப்ரிங் வைத்த குட்டி வால்வு.

கோளாறு: கால் மணி நேரம் ஓடியதும் இழுவை செத்து, திக்கித் திக்கி நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். சூடான பிறகு ஐடில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குக் கீழே இறங்காது. சாவியை அணைத்தாலும் இன்ஜின் சில விநாடி குலுங்கிக்கொண்டே சுற்றும். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஸ்பார்க் பாயின்ட் எல்லாம் புதுசு.

எஸ்யு_மாமா

முதலில் அந்த ரப்பர் மூடியைப் பிடுங்கிப் போடுங்கள் தம்பி. வண்டி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த வால்வுக்கு ஆன்டி ரன்-ஆன் வால்வு என்று பெயர். சாவியை அணைத்த பிறகும் ஸ்பார்க் இல்லாமல் இன்ஜின் தானாக எரிந்து சுற்றுவதை நிறுத்தத்தான் அது. செய்கிற விதம் கொஞ்சம் கோணல். பெட்ரோல் லைனில் அது கை வைக்காது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கிற கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில், பெட்ரோலுக்கு மேலே இருக்கிற காற்றில் கை வைக்கும். ஜெட்டிலிருந்து பெட்ரோல் எழும்புவதே, சேம்பருக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் இருந்து, த்ராட்டில் பக்கம் அழுத்தம் குறைவாக இருப்பதால். இரண்டு பக்கமும் வேக்குவம் வந்துவிட்டால் பெட்ரோல் அசையாது. அமெரிக்க மாடலில் ஃப்ளோட் சேம்பர் மூச்சுவிடும் குழாய்கள் கேனிஸ்டருக்குத்தான் போகின்றன. கேனிஸ்டருக்கு வெளிக்காற்று வருவது இந்த வால்வின் மொட்டை வாய் வழியாக. சாவியை அணைத்ததும் வால்வுக்குக் கரன்ட் வரும். அது மொட்டை வாயை அடைத்துவிட்டு, மேனிஃபோல்டு வேக்குவத்தைக் கேனிஸ்டருக்குள் திறந்துவிடும். சேம்பர் வரை வேக்குவம் ஏறும், இன்ஜின் நிற்கும்.

அந்த வால்வுக்கு எர்த் (கரன்ட் பாடிக்குத் திரும்புகிற வழி) ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக வருகிறது. இன்ஜின் நின்று ஆயில் பிரஷர் விழுந்ததும் ஸ்விட்ச் விட்டுவிடும், வால்வும் விட்டுவிடும். நல்ல வண்டியில் சாவியை அணைத்தால் ஒரு 'டக்', கொஞ்சம் கழித்து இன்னொரு 'டக்' கேட்கும். அந்த ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டால் வண்டி நிற்கிற நேரமெல்லாம் வால்வுக்குக் கரன்ட் போய், காலையில் பேட்டரி காலி.

உங்கள் வண்டியில் மொட்டை வாயை அடைத்ததால் ஓடும்போதே அரைகுறையாக அந்த வேலை நடக்கிறது. டேங்க்கின் மூச்சும் அதே கேனிஸ்டர் வழிதான். டேங்க் மூடியில் துளை கிடையாது. போதாததற்கு இன்ஜின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து கேனிஸ்டருக்கு ஒரு ஹோஸ் போகும். இன்ஜின் அது வழியாகவும் காற்றை உறிஞ்சுகிறது. வேக்குவம் மெல்ல மெல்ல ஏறி பெட்ரோல் வரத்து குறைகிறது. நிறுத்தி வைத்தால் இண்டு இடுக்கில் காற்று புகுந்து சரியாகிவிடும். உறுதி வேண்டுமானால் அடுத்த முறை நிற்கும்போது டேங்க் மூடியைத் திறங்கள், 'உஸ்' என்று காற்று உள்ளே போகும்.

வால்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க: இன்ஜின் நின்று, சாவி அணைந்த நிலையில் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சில் வால்வின் ஒயரைக் கழற்றி பாடியில் தொடுங்கள். 'டக்' கேட்டால் வால்வு, ஒயர், ஃபியூஸ் மூன்றும் சரி. கேட்காவிட்டால் முதலில் அதற்கென்று தனியாக இருக்கிற இன்லைன் ஃபியூஸ் ஹோல்டரைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும்.

நட்டுபோல்ட்_72

இரண்டாவது சாமான் கல்ப் வால்வு. வேகமாகப் போய்க்கொண்டு சட்டென்று காலை எடுத்தால், மேனிஃபோல்டு சுவரில் படிந்த பெட்ரோல் ஆவியாகிக் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடிவிடும். அது எரியாமல் எக்ஸாஸ்ட்டுக்குப் போய், ஏர் பம்ப் ஊதுகிற காற்றோடு சேர்ந்தால் பேக் ஃபயர், எக்ஸாஸ்ட்டுக்குள்ளேயே வெடிக்கும். அந்த நேரத்தில் மட்டும் ஒரு மடக்கு காற்றை மேனிஃபோல்டுக்குள் விட்டுக் கலவையை நீர்க்க வைப்பதுதான் இதன் வேலை. பொடி ஹோஸ் வேக்குவம் திடீரென ஏறுவதை வால்வுக்குச் சொல்லும், தடித்தது காற்றுக்கு.

பம்ப்பே இல்லாதபோது இது வெறும் ஏர் லீக். திறந்த வாயில் விரல் வைத்து ஐடிலில் 15 விநாடி பாருங்கள், உறிஞ்சக் கூடாது. ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரைத் தட்டி விட்டால்தான் கொஞ்ச நேரம் உறிஞ்ச வேண்டும். ஐடிலிலேயே இழுத்தால் டயாஃப்ரமோ வால்வோ போச்சு. 1400-க்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம். கழற்றுவதாக இருந்தால் மேனிஃபோல்டு பக்கத்து இரண்டு வாயையும் அடையுங்கள். ஹோஸில் போல்ட்டைச் செருகி கிளாம்ப் போடுகிற வேலை வேண்டாம், சூட்டில் ரப்பர் வெடிக்கும். சிலிண்டர் ஹெட்டில் காற்று ஊதுகிற நாலு ஓட்டையும் திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று லூஸாக இருந்தாலும் டப் டப் என்று எக்ஸாஸ்ட் சத்தம் கசியும்.

எஸ்யு_மாமா

மிச்சப் பாதி அந்த மூன்றாவது சாமான். அது ஓவர்ரன் வால்வு. த்ராட்டில் மூடியிருக்கும்போது வேக்குவம் அதிகமானால் திறந்து கொஞ்சம் கலவையை விடும், புகைச் சட்டத்துக்காக வைத்தது. ஸ்ப்ரிங் தளர்ந்தால் ஐடிலிலேயே திறந்து நிற்கும், எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் வேகம் இறங்காது. சாவியை அணைத்த பிறகு சுற்றுவதற்கும் இந்த அதிக ஐடில்தான் தீனி.

வால்வை மூடின நிலையில் ஈயம் வைத்து ஒட்டிவிடலாம், அல்லது வால்வு இல்லாத வெறும் தட்டு வாங்கிப் போடலாம். எனக்குத் தட்டு மாற்றுவதுதான் பிடிக்கும். தட்டைப் பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூவின் நுனி பிளந்து விரித்திருக்கும், கழற்றினதைத் திரும்பப் போடாதீர்கள். புது ஸ்க்ரூ போட்டு, தட்டு ஓட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகு இறுக்கி, நுனியை விரியுங்கள். விரிக்க மறந்தால் ஸ்க்ரூ ஒருநாள் இன்ஜின் வால்வு வழியாக பிஸ்டன் தலைக்குப் போகும்.

பானட்_திறந்தவன்

ரப்பர் மூடியை எடுத்தாச்சு. ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. டக் சத்தமும் இரண்டு முறை வருகிறது. ஆனாலும் அணைத்த பிறகு ஐந்தாறு சுற்று சுற்றுகிறது. ஆயில் ஊற்றும் மூடியில் துளை இருக்கிறது, அதனாலா?

எஸ்யு_மாமா

அதேதான். அது பழைய மாடல் மூடி. உங்கள் வண்டிக்குத் துளையில்லாத மூடிதான் வர வேண்டும். வால்வு வேக்குவம் ஏற்றப் பார்க்கிறது, மூடி வழியாக ராக்கர் கவருக்குள் காற்று புகுந்து அதைக் கெடுக்கிறது. ராக்கர் கவரிலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் குழாய்க்குள் 5/64 அங்குலம், அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் துளை மட்டும் இருக்க வேண்டும். யாராவது ட்ரில் போட்டுப் பெரிதாக்கியிருந்தால் ஐடில் கலவை லீனாகிவிடும், அதாவது பெட்ரோல் குறைந்துவிடும். மூடியை மாற்றி, தட்டையும் மாற்றி, ஐடிலை 850 பக்கம் கொண்டுவந்த பிறகு சொல்லுங்கள். அதுவரை ஸ்பார்க் டைமிங்கில் கை வைக்காதீர்கள்.